காய்ச்சலுக்குக் காத்திருக்கக் கூடாது

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 7.7 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடையில்லாமல் மிக மோசமாக மெலிந்திருந்தார்கள். இப்படிப்பட்ட குழந்தை ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு வந்தால் எடை பார்க்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள், மேல் கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைகிறதா என்று நாடா வைத்துப் பார்க்கிறார்கள். முதல் வேளை ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் சிறுநீரையும் பிடித்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு (கல்ச்சர்) அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு வளரும் குழந்தைக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்தால் பெரும்பாலும் காய்ச்சல் காட்டிக்கொடுத்துவிடும். பட்டினியில் நலிந்த உடலுக்கோ காய்ச்சலை உண்டாக்கும் தெம்பும் பல நேரம் இருப்பதில்லை. குழந்தை சோர்ந்து கிடக்கும், பாலை ஒதுக்கும். அதைப் பசிக்கொடுமையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் இத்தகைய குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் இந்தத் தொற்று, இருபதில் ஒருவரிடம் என்பதிலிருந்து மூவரில் ஒருவரிடம் என்பதுவரை காணப்பட்டிருக்கிறது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். பின்னாளில் ரத்த அழுத்தமும் கூடலாம்.

எப்படியும் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கத்தானே போகிறோம், சோதனை எதற்கு என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும், சிக்கலில்லாத குழந்தைகளுக்கு வாய்வழியாக அமாக்சிசிலின் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் இந்தத் தொற்றை அதிகம் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவில் பெரும்பகுதி இன்று அந்த மருந்துக்கு அடங்குவதில்லை. எடை சரியாக ஏறாத குழந்தையிடம் சிறுநீர்த் தொற்று மறைந்திருக்கிறதா என்று தேடும்படி அதே நிறுவனத்தின் கையேடுகள் சொல்கின்றன. வீணான நாட்களுக்குப் பிறகு தேடுவதை வந்த அன்றே தேடினால் என்ன?

உணவுதான் மருந்து, கவனத்தைச் சோதனைகளில் சிதறடிக்கக் கூடாது என்பாரும் உண்டு. உணவு முதன்மை என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. தொற்று பசியையே கொன்றுவிடுகிறது என்பதால்தான் சோதனையைக் கேட்கிறேன். கைக்குழந்தையிடம் சிறுநீர் பிடிப்பது சிரமம் என்ற தடை இவற்றைவிடக் கனமானது. ஒட்டுப் பையில் பிடித்தால் தோலிலுள்ள கிருமியும் கலந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அதற்கும் வழி இல்லாமலில்லை. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றின் கீழ்ப்பகுதியை மெதுவாகத் தேய்த்தபோது 31 சதவீதக் குழந்தைகள் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தன, தேய்க்காதபோது 12 சதவீதமே என்று 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அதுவும் பலிக்காவிட்டால் மெல்லிய குழாய் செருகி எடுக்கலாம். மையத்தில் ஆய்வகம் இல்லையா? மாதிரியை 4 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. வழக்கமான மருந்தைத் தொடங்கிவிட்டு, இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் சொல்வதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.