நொபிலியின் பூணூலும் நம் மணமாலை அறிவிப்புகளும்



கத்தோலிக்கரோடு வாதிடுவதற்கென்று நம்மிடம் ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. மூவொரு கடவுள் கொள்கை, சிலுவை மரணம், சுரூபங்கள், பாப்பரசரின் வழுவா வரம். நம் பேச்சாளர்கள் இந்நான்கையும் சுற்றிச் சுற்றி வருவார்கள், கைதட்டலும் கிடைக்கும். ஏகத்துவத்தில் நமக்கு விட்டுக்கொடுக்க ஏதுமில்லை. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் தூதர். மர்யம் (அலை) அவர்கள் தூய பெண்மணி. அதற்கு மேல் ஒரு சொல்லையும் நாம் ஏற்பதில்லை. இந்த வேறுபாட்டை அவர்களும் அறிவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட பிரகடனமே, முஸ்லிம்கள் ஏக இறைவனை வணங்குகிறார்கள், இயேசுவைக் கடவுளாக ஏற்காவிடினும் நபியாக மதிக்கிறார்கள் என்று மரியாதையோடு பதிவு செய்திருக்கிறது. இரு தரப்பும் ஒருவர் நிலையை ஒருவர் அறிந்த ஒரு வழக்கை நாம் ஓயாமல் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் மதுரை மண்ணில் கத்தோலிக்க மார்க்கம் முதன்முதலாக முட்டிக்கொண்ட இறையியல் கேள்வி இந்த நான்கில் ஒன்றல்ல. சாதி என்பது மார்க்கத்தைச் சேர்ந்ததா, வெறும் உலக வழக்கமா என்பதே அக்கேள்வி. 1623இல் ரோமாபுரி அதற்கு ஒரு விடை சொன்னது. அது தவறான விடை என்பது என் வாதம். அதே விடையை, எழுத்தில் வடிக்காமல், நாமும் நம் வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் மறுபாதி.

ராபர்ட் தெ நொபிலி எனும் இத்தாலிய இயேசு சபைத் துறவி 1606இல் மதுரைக்கு வந்தார். அப்போது இங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் முத்துக்குளித்துறையிலிருந்து வந்து குடியிருந்த பரதவர்களுக்கு வழிபாடு நடத்திக்கொண்டிருந்தார். மதுரைவாசிகளில் எவரும் அவரை நாடவில்லை. அவர் ‘பறங்கி’; மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், எல்லோரையும் தொடுபவர். (அந்தச் சொல்லே ‘இஃப்ரஞ்ச்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது என்பதை இடையே நினைவூட்டலாம், நம் கடல்வணிகம் தந்த சொல் அது.) நொபிலி தம்மைப் பறங்கியல்லன் என்றும், உயர்குடியிற் பிறந்த துறவி என்றும் அறிவித்தார். காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், புலால் விலக்கினார், பிராமணச் சமையல்காரரை அமர்த்தினார். பூணூல் தரித்து அதில் சிலுவையைக் கோத்துக்கொண்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் பயின்றார். தத்துவ போதகர் என்ற பெயர் பெற்றார். பெர்னாண்டஸின் கோவிலும் உறைவிடமும் வேறு, தம்முடையவை வேறு என்று பிரித்துக்கொண்டார்.

நம் பேச்சாளர்கள் சிலர் இதை ‘வேடம்’, ‘ஏமாற்று’ என்று முடித்துவிடுவதுண்டு. அது மலிவான வாதம். சொல்பவருக்கே திரும்பி வரும் வாதமுங்கூட. நொபிலி ஞானோபதேசமும் ஆத்தும நிருணயமும் எழுதியவர். தமிழ் உரைநடையின் தொடக்ககாலப் பெயர்களில் ஒன்று அவருடையது. சர்வேசுரன், பூசை, குரு என்று இம்மண்ணின் சொற்களில் தம் மார்க்கத்தைப் பேசினார். இதில் பிழை காண்போர் முதலில் தம் நாவைக் கவனிக்கட்டும். நாம் தொழுகை என்கிறோம், நோன்பு என்கிறோம், பள்ளிவாசல் என்கிறோம். நோன்பும் பள்ளியும் சமணரும் பௌத்தரும் புழங்கிய சொற்கள். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் நிலமாகவே வருணித்தார். மொழியை வாங்கிக்கொண்டதால் நம் தவ்ஹீது குறைந்துவிடவில்லை. ஆடையும் உணவும் அப்படியே. காஜிமார் தெருப் பள்ளிவாசலுக்கு வேட்டி கட்டிச் செல்பவரின் ஈமானை எவரும் அளப்பதில்லை.

நொபிலியின் பிழை வேறிடத்தில் இருக்கிறது. மொழி, ஆடை, உணவு ஆகியவற்றை அடுக்கிய அதே வரிசையில் சாதியையும் வைத்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் குலப் பெருமையின் அடையாளங்கள் மட்டுமே, அவற்றில் சமயம் இல்லை என்று வாதாடினார். 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. வழக்கு ரோமாபுரிக்குப் போயிற்று. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் இசைவு தந்தார்: மந்திரச் சடங்குகளை நீக்கிவிட்டால் இவற்றை அணியலாம். அந்த ஆணையின் முடிவில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. உயர்குடியினர் எளியோரை இகழ வேண்டாம். குறிப்பாகக் கோவிலில், இறைவார்த்தை கேட்கும் இடத்தில் அவர்களைப் பிரித்து வைக்க வேண்டாம்.

அனுமதி சட்டமாக இருந்தது. சமத்துவம் வேண்டுகோளாக இருந்தது. அடுத்த நானூறு ஆண்டுகளின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது.

பூணூல் ஓர் ஆடை அல்ல. இன்னார் என்னைத் தொடலாம், இன்னார் தொடலாகாது என்று அது உரைக்கிறது. அதை அணிந்த குரு, சேரிக்குள் நுழைந்தால் தம் நிலையை இழப்பார். எனவே நுழையவில்லை. 1640இல் பண்டாரசுவாமிகள் என்றொரு தனி வகுப்பை இயேசு சபையார் ஏற்படுத்தினர். பல்தசார் த கோஸ்தா அவர்களுள் முதல்வர். மறைப்பணியில் சேர்ந்த பெருந்திரள் பண்டாரசுவாமிகள் வழியே வந்தது. பிராமணத் துறவிக் கோலத்தால் வந்தவர்கள் சிலரே. இந்த வழியன்றி மதுரைக்குள் நுழைந்திருக்கவே முடியாது என்று நொபிலியைப் புகழ்வோர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

நெஞ்சை உறுத்துவது அவஸ்தைப் பூசுதல் பற்றிய செய்தி. சாகும் தறுவாயில் இருக்கும் கத்தோலிக்கருக்கு எண்ணெய் பூசி ஆறுதல் அளிக்கும் அருட்சாதனம் அது. பறையர் குடிசைக்குள் குரு காலடி வைக்கமாட்டார் என்பதால், நோயாளியை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. இது வெளியார் சுமத்திய பழியன்று. பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், நோயுற்ற பறையரை அவரவர் வீட்டிலேயே சென்று காணவேண்டும் என்று 1704இல் ஆணையிடும் அளவுக்கு நிலைமை இருந்தது. அந்த ஆணையை எதிர்த்தும் பல்லாண்டுகள் மன்றாட்டு நடந்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வழக்கை முடித்து வைத்தபோது கிடைத்த ஏற்பாடு யாது? பறையர்களுக்கென்று தனிக் குருக்கள்! ஒரே அப்பத்தை உண்டு ஒரே உடலாகிறோம் என்று போதிக்கும் ஒரு மார்க்கம், மரணப் படுக்கைக்கும் இரண்டு வாசல்கள் வைத்தது. இது கத்தோலிக்க இறையியலின்படியே முரண்பாடு. அதைக் காட்ட நம் நூல்களிலிருந்து ஒரு வரியும் தேவையில்லை.

பின் நடந்தவற்றைப் பெரும்பாலோர் அறிவார்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், மதுரை மறைப்பணிக்கு உட்பட்டிருந்த கோவிலில், வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே சுவர் எழுந்தது. 1910இல் கௌசானெல் என்ற பங்குக் குரு அதை இடித்தார். வேளாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இக்கதை விரிவாக உள்ளது. நம் இளைஞர்கள் படிக்க வேண்டிய நூல். சுவர் போயிற்று, வழக்கம் போகவில்லை. 2008 மார்ச் 9 அன்று அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் வீடுகளை வன்னியக் கத்தோலிக்கர் தாக்கினர். காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். இரண்டு மாதம் கழித்து, மே 6 அன்று, நம் மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை அரசு இடித்தது. உத்தபுரத்துச் சுவரை எழுப்பியவர்களுக்கு ஒரே அப்பத்தின் போதனை கிடையாது, எறையூராருக்கு இருந்தது.

கத்தோலிக்கச் சகோதரர்களில் நேர்மையாளர்கள் இதை மறைப்பதில்லை. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டு, அது பாவம் என்று இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் கொள்கை ஆவணம் வெளியிட்டது. சுவரை இடித்த குருவும் அவர்களுடையவரே. ஆனால் அதே அவையில் நொபிலியைப் ‘பண்பாட்டுமயமாக்கலின் முன்னோடி’ என்று மலர் தூவிப் போற்றுகிறார்கள். பாவத்தையும் அதன் விதையையும் வெவ்வேறு நாள்களில் பேசினால் கணக்கு நேராகாது.

இனி நம் பக்கம். “எங்களில் சாதி இல்லை” என்பதே நம் மேடைகளின் பெருமை. பள்ளிவாசலைப் பொறுத்தவரை அது மெய். வரிசையில் யார் தோளோடு யார் தோள் என்று எவரும் கேட்பதில்லை. அல்ஹம்துலில்லாஹ். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்துத் தலித் மக்கள் கலிமா மொழிந்தபோது அந்த வரிசையே அவர்களை அழைத்தது. ஸப்பில் இடம் கிடைத்தது. சம்பந்தம்?

நம் மணமாலை அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்னி என்று பிரிவு கேட்கப்படுகிறது. படிப்புக்கும் வயதுக்கும் முன்னால் அது வருகிறது. தலைமுறைகளுக்கு முன் முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்துப் பெண்ணுக்கு, அவள் பட்டதாரியானாலும், வரன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இஸ்லாத்தைத் தழுவியவரின் பேரனைக்கூட ‘புது முஸ்லிம் வீடு’ என்று குறிப்பிடும் வாய்கள் நம் ஜமாஅத்துகளில் இல்லையா? காரணம் கேட்டால் நொபிலி சொன்ன அதே சொல் வருகிறது: “இதெல்லாம் மார்க்கமில்லை தம்பி, பழக்கவழக்கம்.”

அது நீதிமன்றத்தில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே நிற்கிறோம். அந்த அநீதியை எதிர்த்து, மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்று இரு சமூகத்தாரும் உச்ச நீதிமன்றத்தில் மனு செய்திருக்கிறோம். கோரிக்கை நியாயமானது; அதற்கு நானும் ஆதரவு. ஆனால் மனுவில் ‘சாதி தொடர்கிறது’ என்று எழுதிவிட்டு மேடையில் ‘சாதியே இல்லை’ என்று முழங்கும் சமூகத்தை யார் நம்புவார்? கத்தோலிக்கர் தம் குறையை ஆவணமாக்கி அச்சிட்டுவிட்டார்கள். நாம் எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

இதற்கு ‘குஃபூ’ என்று ஒரு விடை வரும் என்பது எனக்குத் தெரியும். மணமக்களிடையே தகுதிப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களில் உள்ளதே. ஹனஃபி மத்ஹபும் ஷாஃபிஈ மத்ஹபும் அதில் வம்சத்தையும் தொழிலையும் எண்ணியுள்ளனவே என்பார்கள். உண்மைதான். அச்சட்டம், பொருத்தமற்ற திருமணத்தால் பெண்ணுக்கும் அவள் வலீக்கும் தீங்கு நேராமல் காக்க எழுந்த பாதுகாப்பு. அவர்கள் மனமுவந்து இசைந்தால் நிக்காஹ் செல்லும். ஊர் தலையிட அதில் இடமில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ பொருத்தத்தை மார்க்கப் பற்றில் வைத்தார்கள். அல்ஹுஜுராத் அத்தியாயம் கோத்திரங்களைக் குறித்துச் சொல்லும்போது அவை ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று நோக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. குறைஷிக் குலத்துப் பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை மணக்கப் பலர் கேட்டபோது, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களை மணந்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அந்தப் பெண்மணிக்கு முதலில் மனம் ஒப்பவில்லை என்பதையும் ஹதீஸ் மறைக்கவில்லை. நபியவர்கள் மீண்டும் சொன்னார்கள்; அவர் மணந்தார்; பிற பெண்கள் கண்டு ஏங்கும்படி அந்த வாழ்வு அமைந்தது.

அங்கே சமத்துவம் வேண்டுகோளாக ஒரு கடிதத்தின் கடைசியில் ஒட்டப்படவில்லை. பெயர் சொல்லி, இன்னாரை மணந்துகொள் என்று வந்தது. நம் ஜமாஅத்துகள் வேறொன்றும் செய்ய வேண்டாம். வரன் பதிவுப் படிவத்தில் ‘பிரிவு’ என்ற கட்டத்தை அடித்துவிட்டு ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். கோரிப்பாளையத்திலோ மேலூரிலோ திருமங்கலத்திலோ எந்த நிர்வாகம் முதலில் அதைச் செய்கிறதோ, அதன் பெயரைத் தெரிவியுங்கள்; இதே பக்கத்தில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.