ஷாக் வைத்தியம் முடிந்தது, மாத்திரை முடியவில்லை!

கடும் மனச்சோர்வு. சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, தூக்கம் இல்லை. டாக்டர்கள் ஷாக் வைத்தியம் செய்கிறார்கள். படுத்துக் கிடந்தவர் எழுந்து நடமாடுகிறார். வீட்டில் ஒரே மகிழ்ச்சி!

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

"அதுதான் குணமாகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று மருந்தை நிறுத்துகிற வீடுகள் உண்டு. மயிலாப்பூர் மாடவீதி ஆனாலும், தியாகராய நகர் ஆனாலும், அடையாறு ஆனாலும் நோய்க்குப் பேதம் இல்லை. சில மாதங்களில் அது திரும்பி வருகிறது. உடனே, "ஷாக் கொடுத்தும் பயன் இல்லை" என்று வைத்தியத்தின் மீது பழி!

இது சரியா?

இந்த வைத்தியம் 1938-ம் ஆண்டு ரோம் நகரில் தொடங்கியது. சினிமாவில் காட்டுகிற அலறலும் துடிப்பும் இன்று இல்லை. மயக்க மருந்தும், தசையைத் தளர்த்தும் மருந்தும் தராமல் ஷாக் கொடுப்பதை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது.

ஷாக் வைத்தியம் நோயை விரட்டும். ஆனால் வாசலில் நின்று காவல் காக்காது. காவலுக்கு மாத்திரை வேண்டும்.

100-க்கு 84 பேர்!

2001-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. ஷாக் வைத்தியத்தால் மனச்சோர்வு நீங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை தந்தார்கள். 24 வாரங்களுக்குள் 100-க்கு 84 பேருக்கு நோய் திரும்பியது! மனச்சோர்வு மருந்தோடு லித்தியமும் சாப்பிட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது.

39 பேரும் குறைவு இல்லை. ஆகவே மாத்திரை சாப்பிட்டாலும், டாக்டரைத் தவறாமல் பார்க்க வேண்டும். லித்தியம் சாப்பிடுவோர் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். சிலருக்கு, சில வாரங்களுக்கு ஒரு முறை ஷாக் வைத்தியத்தைத் தொடர்வதும் உண்டு.

வீட்டார் கவனத்துக்கு

ஷாக் வைத்தியத்துக்குப் பின் சில காலம் ஞாபக மறதி இருக்கும். மறதி உள்ளவரிடம், "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்டால் போதுமா? வீட்டில் ஒருவர் கையில் எடுத்துத் தர வேண்டும். தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு குறைந்தாலோ, குளிக்க மறுத்தாலோ, அன்றே டாக்டரிடம் போகவேண்டும்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பது வீண் பேச்சு. நோயை மறைத்துக் கல்யாணம் செய்தால், மாத்திரையையும் மறைக்க வேண்டி வரும். பிறகு நோய் திரும்பாமல் என்ன செய்யும்?

மருத்துவமனைகளுக்கும் கடமை உண்டு. எந்த மாத்திரை, எத்தனை மாதம், அடுத்து என்றைக்கு வரவேண்டும் என்று தமிழில் எழுதித் தரவேண்டும். அதற்குச் செலவு ஒரு துண்டுக் காகிதம்தான்!

டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையை நடத்தியவர். அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1984-ல் 'ஸ்கார்ப்' நிறுவனத்தைத் தொடங்கினார். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவருக்கும் துணை வேண்டும் என்பதை அவர் செய்கையில் காட்டினார்.

கீழ்ப்பாக்கத்தில் மாத்திரை இலவசம். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்து ஆலோசனை கேட்கலாம், கட்டணம் இல்லை.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை யாரும் மறைப்பது இல்லை. மனநோய்க்கு மட்டும் ஏன் வெட்கம்? மாத்திரையை நிறுத்துவது டாக்டர் வேலை. மாமா வேலையோ, பக்கத்து வீட்டார் வேலையோ அல்ல!