பாட்டியின் பெயர் என்ன?

ஓரிக்கையில் நம் இல்லங்கள் பலவற்றில் பழைய புகைப்படங்கள் உள்ளன. கண்ணாடிச் சட்டமிட்டு, பொட்டு வைத்து, மாலையும் சாற்றுகிறோம். ஆனால் அப்படத்தில் நிற்பவர் யாவர், எடுத்த ஆண்டு எது என்று கேட்டால், வீட்டில் மூத்தவர் ஒருவரே விடை கூறுவார். அவருக்குப் பின் யார் கூறுவார்? ஆதலால், படத்தைக் காப்பதோடு அதன் பின்னே பெயரை எழுதி வைப்பதும் நம் கடமை என்பது எங்கள் கருத்து.

நம் காஞ்சி மாநகரே இதற்குச் சான்று. வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவர் குல வரலாறு சிற்பங்களாக உள்ளது. 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டிய கோயில் அது. கல்லால் ஆன குடும்ப ஆல்பம் எனலாம். சில சிற்பங்களோடு விளக்கமும் பொறித்துள்ளனர். அதனாலன்றோ, 12 வயதுச் சிறுவனை அரசனாக அழைத்து வந்த செய்தியை இன்றும் படிக்கிறோம்! எழுத்தில்லாச் சிற்பங்களை ஆராய்ச்சியாளர் ஊகித்தே அறிய வேண்டியதாயிற்று. அவ்வாறு பாடுபட்டவர் டாக்டர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர். அச்சிற்பங்களைப் பற்றிய அவரது நூல், அவர் மறைந்த பின் 1941-இல் வெளிவந்தது. அரசர் குலத்திற்கே இந்நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

மற்றொரு குறையும் உண்டு. படத்திலுள்ள ஆண்களின் பெயர் நினைவிலிருக்கும். பெண்களோ ‘அவர் சம்சாரம்’, ‘இவர் அம்மா’ என்றே குறிக்கப்படுகின்றனர். தறியில் அமர்ந்தவர் தாத்தா எனில், பட்டு இழைத்தும் தார் சுற்றியும் கொடுத்தவர் பாட்டி அன்றோ? அவருக்கும் ஒரு பெயர் உண்டு. பிறந்த ஊர் உண்டு.

‘பழைய படம் யாருக்கு வேண்டும்?’ என்பாரும் உளர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சென்று நகலெடுத்தனர். அறிஞர்கள் படத்தைக் காக்கலாம். நம் பாட்டியின் பெயரை நாமே கூற வேண்டும்.

முறை எளிது. படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கத்தில் தழும்பு விழும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அப்படத்தைக் காகித உறையிலிட்டு உறையின்மேல் எழுதலாம். இடமிருந்து வலமாகப் பெயர், உறவு, ஊர், ஆண்டு எனக் குறிக்க வேண்டும். ஆண்டு தெரியாவிடில் ‘பெரிய அத்தை திருமணத்திற்கு முன்’ என்றாவது எழுதலாம். ஐயமிருப்பின் கேள்விக்குறி இடுக. கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்த்தெடுக்கலாகாது. சட்டத்தோடு கைப்பேசியில் நகலெடுத்து உறவினர்க்கு அனுப்பலாம். ஈரச் சுவரில் மாட்டலாகாது.

தோழியரே, பெற்றோரே, இவ்விடுமுறையில் ஒரு பென்சிலோடு பாட்டியின் அருகில் அமர்வோம். அவர் சொல்லச் சொல்ல எழுதுவோம். முதலில் அவர் பெயரையே எழுதுவோம்.