சலிப்பறியாப் பரிசோதகர்கள்

கணனி விளையாட்டொன்று சந்தைக்கு வருமுன் ஆட்களை வைத்து ஆடச்செய்து பிழை பிடிப்பது வழக்கம். தாமே பார்த்து, தாமே முடிவெடுத்து ஆடும் நிரல்கள் இன்று வந்துவிட்டன. நுண்ணறிவு முகவர்கள் என்கிறார்கள். இனிப் பரிசோதகர் எதற்கு என்ற வாதமும் கூடவே வந்துவிட்டது. ஜப்பானின் ஸ்குவயர் எனிக்ஸ் நிறுவனம், 2027 முடிவதற்குள் பரிசோதனை, பிழைநீக்க வேலைகளில் 70 வீதத்தைத் தானியங்கியாக்குவதே தன் இலக்கென 2025 நவம்பரில் அறிவித்தது.

முகவர்களின் திறமையை நான் மறுக்கவில்லை. ஒரே சுவரில் பத்தாயிரம் தடவை மோதிப் பார்க்க மனிதனுக்குப் பொறுமை போதாது. 1980களில் அட்டாரிக் கருவிக்கு வந்த கியூபேர்ட் விளையாட்டில், முன்னர் அறியப்பட்டிராத பிழையொன்றை 2018இல் ஜேர்மனியின் ஃபிரைபேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் நிரல் கண்டுபிடித்துப் புள்ளிகளை அள்ளிக் குவித்தது.

ஆனால், அதைப் பிழை என்று சொன்னது யார்? நிரலுக்கு அது வெறும் புள்ளி. பார்த்திருந்த மனிதரே பிழை என்றனர். 2016இல் ஓபன் ஏஐ ஆய்வாளர்கள் படகுப் பந்தய விளையாட்டொன்றில் முகவரைப் பழக்கினார்கள். அது பந்தயத்தை முடிக்கவேயில்லை. ஓரிடத்திலேயே வட்டமிட்டு, மற்றப் படகுகளில் மோதி, தீப்பற்றி எரிந்தபடியே மனிதரைவிடச் சராசரியாக 20 வீதம் கூடுதல் புள்ளி எடுத்தது. பந்தயம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

மனிதரைப் போலவே ஆடும் முகவரும் உண்டே என்பார்கள். உண்மைதான். கேண்டி கிரஷ் விளையாட்டை நடத்தும் கிங் நிறுவனம் அப்படியொன்றை 2018இல் வெளிப்படுத்தியது. ஆனால் அது மனிதர் ஆடிய ஆட்டங்களிலிருந்து கற்றது. ஒரு கட்டம் எவ்வளவு கடினம் என்று அது கணிக்கும். தோற்றவனுக்கு மீண்டும் ஆட மனம் வருமா, வெறுப்பு வருமா என்பதைத் தானே அனுபவித்துச் சொல்லாது. அச்சுக்குப் போகும் கதையில் எழுத்துப்பிழை பார்ப்பது ஒன்று. கதை கதையாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறொன்று. இதை எழுதுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பரிசோதகர்கள் இத்தொழிலின் அடிமட்டத்தில் நிற்பவர்கள். கால் ஒஃப் டியூட்டி விளையாட்டில் பங்காற்றும் அமெரிக்காவின் ரேவன் நிறுவனத்தில், சக பரிசோதகர் சிலரின் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டதை எதிர்த்து 2021 டிசம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் 19க்கு 3 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அவர்கள் போராடிப் பெற்ற இடத்தை முகவரைக் காட்டிப் பறிப்பதற்கு முன்னேற்றம் என்று பெயரிடுவது அநியாயம்.

சுவரில் மோதும் வேலையை முகவர்களிடம் கொடுங்கள். அதனால் மிஞ்சும் நேரத்தைப் பரிசோதகர்களுக்குக் கொடுங்கள். நிதானமாக ஆடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும். அதற்குரிய சம்பளத்தையும் கொடுங்கள்.