விசாரணைகளை ஊர்வாரியாகப் பங்கிடுதல்

சரக்கு நன்றாயிருந்தால் கொள்வோர் தாமே தேடி வருவர் என்பது நெசவாளரிடையே நெடுநாளாக வழங்கும் நம்பிக்கை. தேடி வருவது மெய்யே. வந்தவருக்கு யார், எத்தனை நாளில் மறுமொழி தருகிறார்கள் என்பதைப் பொறுத்தே தறிக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அமைகின்றன. இக்காலத்தில் கடிதம் எழுதிச் சரக்குக் கேட்போர் அருகிவிட்டனர். வாட்ஸ்அப், மின்னஞ்சல், இணையதளப் படிவம், தொலைபேசி எனப் பல வழிகளில் விசாரணைகள் வருகின்றன. நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்கள் சிலவற்றில் அவையெல்லாம் ஓர் எழுத்தரின் கைப்பேசியிலேயே தங்கிக் கிடக்கக் காண்கிறோம். அவர் விடுப்பில் சென்றால் விசாரணையும் விடுப்பில் சென்றுவிடுகிறது. சங்கத்தின் ஏட்டில் அதற்குச் சுவடே இல்லை.

இக்குறையைப் போக்குவதற்கு, சி.ஆர்.எம். என்று சுருக்கமாக வழங்கும் வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருள் உதவக்கூடும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ முதலாகப் பல நிறுவனங்கள் இதனைத் தருகின்றன. வரும் விசாரணையைப் பதிந்து, விசாரித்தவர் எவ்வூரினர் என்று பார்த்து, அவ்வூருக்குப் பொறுப்பானவரிடம் அக்கணமே ஒப்படைக்கும் வேலையை அது தானாகவே செய்கிறது. சங்கங்கள் பல ஒன்றுகூடி இத்தகைய பொது ஏடு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது துணிபு. ஆயினும் பங்கிடும் விதி எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இயந்திரத்துக்கு நீதி தெரியாது. நாம் எழுதிக்கொடுத்த விதி ஒன்றே தெரியும்.

முதலாவது, ஊரை எதைக்கொண்டு அறிவது? ஊர்ப் பெயரை நம்புவது தவறு. ஒருவர் திருச்சி என்பார். மற்றொருவர் திருச்சிராப்பள்ளி என்பார். பெங்களூர் என்பாரும் பெங்களூரு என்பாரும் உண்டு. இவை இயந்திரத்தின் கண்ணுக்கு வெவ்வேறு ஊர்கள். 1972 ஆகஸ்டு 15 அன்று தபால் துறை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆறிலக்கப் பின்கோடே இதற்கு ஏற்றது. அதன் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் வட்டாரத்தைக் குறிக்கும். காஞ்சிபுரம் 631 என்றும், பவானியும் சென்னிமலையும் 638 என்றும் தொடங்குவதை அங்கத்தினர் அறிவர்.

ஆனால் பின்கோடு தபால்காரருக்காக வகுக்கப்பட்டதேயன்றிச் சங்கத்தின் நடவடிக்கை எல்லைக்காக வகுக்கப்பட்டதன்று. 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் நகரம் 641இல் அடங்கும், காங்கேயமும் தாராபுரமும் 638, உடுமலைப்பேட்டை 642. மூன்று இலக்கங்களை மட்டும் பார்த்து எல்லை வகுத்தால், ஒரு மாவட்டத்தின் விசாரணைகள் மூன்று திசைகளிற் சிதறிப் போகும். ஆகவே ஆறு இலக்கங்களையும் வைத்து, எந்தச் சங்கத்துக்கு எந்தெந்தப் பின்கோடு என்று அட்டவணை எழுதுவதே முறை.

விதிகளை அடுக்கும் வரிசையும் முக்கியமானது. இம்மென்பொருள்களில் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலிற் பொருந்தும் விதியையே நிறைவேற்றுவது பெருவழக்கு. 6 என்று தொடங்குவன யாவும் தலைமை அலுவலகத்துக்கு என்ற விதி மேலே நின்றால், 638க்கான விதி கீழே வீணே கிடக்கும். எந்த விதிக்கும் பொருந்தாத விசாரணை யாரிடம் சேரும் என்பதையும் தெளிவாகக் குறித்தல் வேண்டும். பொறுப்பாளர் பெயர் குறிக்கப்படாத இடத்தில்தான் விசாரணைகள் மடிகின்றன.

இரண்டாவது, எவருடைய ஊர்? சென்னையில் இருக்கும் ஒருவர் பவானி ஜமுக்காளம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஊரை மட்டும் பார்க்கும் விதி, சென்னைக்கு அருகிலுள்ள சங்கத்துக்கு அதனை அனுப்பிவிடும். அங்கே ஜமுக்காளத் தறி இராது. புவிசார் குறியீடு பெற்ற சரக்குக்கு நெய்யுமிடமே பெயரும் பெருமையும் ஆகும். மஞ்சளுக்கும் இதுவே நியாயம். கொள்வோர் வடநாட்டில் இருக்கலாம். மஞ்சள் ஈரோட்டுக் கிடங்கில் அன்றோ இருக்கிறது! ஆதலின் சரக்கு எது என்று முதலிலும், கொள்வோர் எங்கே என்று பின்னரும் பார்க்குமாறு விதி அமையட்டும். மாதிரி காட்டுவதும் பணம் வசூலிப்பதும் அருகிலிருப்பவர்க்கு எளிது. அவற்றை அவரே செய்யலாம். நெய்யும் வேலை தறியுள்ள ஊருக்குப் போகட்டும்.

மூன்றாவதே நமக்கு மிகவும் கவலை தருவது. பெருநகரங்களிலிருந்து விசாரணைகள் மிகுதியாக வரும். சிற்றூர்ப் பக்கமிருந்து சொற்பமாகவே வரும். ஊர் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், நகரத்தை அடுத்த சங்கத்தில் ஆர்டர் குவியும். உள்நாட்டுச் சங்கத்தில் பாவு ஏறாத தறி காத்துக் கிடக்கும். தனியார் வியாபாரி இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, நமக்கு அப்படியன்று. சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1995இல் வகுத்த ஏழு கோட்பாடுகளில் ஆறாவது, கூட்டுறவுகளுக்கிடையே கூட்டுறவு என்பதாகும். ஒரே சரக்கை நெய்யும் சங்கங்கள் பல இருப்பின், அவற்றுக்குள் முறை வைத்து மாற்றி மாற்றி வழங்கும் வசதி இம்மென்பொருள்களில் உண்டு. கையிருப்பும் ஓடும் தறிகளின் எண்ணிக்கையும் நோக்கி அம்முறையைத் திருத்திக்கொள்ளலாம்.

எங்கள் காரியதரிசிக்கு எல்லா ஊரும் தெரியும், இயந்திரம் எதற்கு என்று கேட்போர் உளர். அனுபவத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஒருவர் மனத்திலிருக்கும் விதியை மற்றவர் படித்துப் பார்க்க முடியாது. பாரபட்சம் நேர்ந்தது என்று ஒருவர் சொன்னால், மெய்ப்பிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. எழுதிய விதியையோ யாவரும் படிக்கலாம், தவறிருந்தால் திருத்தலாம்.

ஆதலின் நிர்வாகக் குழுவினர் பங்கீட்டு விதியைத் தமிழில் எழுதி, மகாசபையில் வைத்து ஒப்புதல் பெறுவார்களாக. மென்பொருளை நிறுவ வருபவர் தம் விருப்பப்படி அதனை வகுக்க விடலாகாது. வந்த விசாரணைகள் எத்தனை, எச்சங்கத்துக்கு எத்தனை சென்றன, மறுமொழி பெறாதவை எத்தனை என்னும் கணக்கை மாதந்தோறும் குழுவின் முன் படிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இக்கணக்கைக் கேட்க அங்கத்தினர் தயங்க வேண்டாம். பங்குத்தொகை கட்டிய ஒவ்வொருவருக்கும் அவ்வுரிமை உண்டு.