பந்தயத் திடலின் வாசலில் பார்க்கும் டயரை மலை வீதியில் யார் பார்ப்பது?

கண்டியிலிருந்து மகியங்கனை போகும் வீதியில், ஹுன்னஸ்கிரியவைத் தாண்டியதும் இறக்கம் தொடங்குகிறது. பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற அந்த இறக்கத்துக்கு வார இறுதிகளில் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் வருகிறார்கள். சிலர் இயற்கையைப் பார்க்க வருகிறார்கள். சிலர் வண்டியை எவ்வளவு தூரம் சாய்க்க முடியும் என்று பார்க்க வருகிறார்கள். விக்டோரியா – ரந்தெனிகல வீதியிலும் றம்பொடை மலையிலும் நிலைமை இதுதான். பொலிஸார் இவர்களை மறித்தால் தலைக்கவசத்தையும் அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் பார்க்கிறார்கள். குனிந்து டயரைப் பார்ப்பவர்கள் குறைவு.

வெளிநாடுகளில் 'ட்ரக் டே' என்று ஒன்று உண்டு. அது பந்தயம் அல்ல. சொந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய், கட்டணம் செலுத்தி, எதிரே வாகனம் வராத மூடிய திடலில், பயிற்றுநர்களின் கண்காணிப்பில் ஓட்டிப் பழகும் நாள். அங்கு முதல்முறை போகிறவரிடம் முதலில் சொல்லப்படுவது டயரைப் பற்றித்தான். வண்டியைத் திடலுக்குள் விடுமுன் ஒருவர் முன்னும் பின்னும் பார்த்து, டயர் தேய்ந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

இலங்கையில் சர்வதேசத் தரத்திலான நிரந்தரத் தார்ப் பந்தயத் திடல் ஒன்றுகூட இல்லை. களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுபாதையில் தார்ப் பந்தயங்கள் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. நுவரெலியாவில் 1930களிலிருந்து பேசப்படும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் இராணுவ முகாம்களை ஒட்டிய மண் திடல்கள். அவற்றில் ஒன்றான தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21 அன்று பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில், எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர். ஆகவே திடல் என்றாலே பாதுகாப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாசலில் டயரைப் பார்க்க ஆள் நிற்கும் இடம் அது ஒன்றுதான். கண்டிப் பிள்ளைக்கு அந்த வாசல் கொழும்பையும் தாண்டி இருக்கிறது. அவனுடைய முதல் 'ட்ரக் டே' ஹுன்னஸ்கிரிய இறக்கத்தில், லொறியும் பேருந்தும் எதிரே வர, யாரும் பார்க்காத டயரில் நடக்கிறது.

அந்த டயர் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு அண்மைக்கால வரலாறு ஒன்று உண்டு. 2020இல் அந்நியச் செலாவணியைக் காக்கவென்று வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் டயர்களும் இருந்தன. 2022இல் ரூபாய் சரிந்தபோது, 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது. இறப்பர் விளையும் நாட்டில் டயர் வாங்க முடியாத நிலை வந்தது. கேகாலையிலும் களுத்துறையிலும் பால் வெட்டும் தோட்டத் தொழிலாளியின் மகன், தன் வண்டிக்கு ஒரு சோடி டயர் மாற்றச் சீட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதிய மோட்டார் சைக்கிள் வாங்க முடியாதவர்கள் பழையதையே கைமாற்றி ஓட்டினார்கள். பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள்தான் என்பதையும், ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கும் நாடு இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் அளவு விளங்கும்.

வடக்கு கிழக்கிலிருந்து வருகிற எங்களுக்கு இதில் இன்னொரு கதையும் உண்டு. 1990இல் தொடங்கி 2002 போர்நிறுத்தம் வரை நீடித்த பொருளாதாரத் தடையில் எரிபொருளும் வாகன உதிரிப்பாகங்களும் அடக்கம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. தேய்ந்த டயரை எறிந்தவர் கிடையாது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, வெடித்த இடத்தில் உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ஓடினோம். காயப்பட்டவரை ஏற்றிப்போன வண்டிகளும் அப்படித்தான் ஓடின. அந்தச் சிக்கனம் அன்று உயிர்களைக் காத்தது. இன்றும் அது எங்கள் கைகளில் இருக்கிறது: 'நூல் தெரியும்வரை ஓடட்டும்' என்பது எங்கள் வீடுகளில் கெட்ட வார்த்தை அல்ல. ஆனால் கிளிநொச்சியின் சமதரையில், மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் பொறுத்துக்கொண்ட டயர் கண்டி இறக்கத்தில் பொறுக்காது.

ஏ9 வீதியை எல்லோரும் யாழ்ப்பாணத்தின் வீதியாகவே நினைக்கிறோம். அது தொடங்குவது கண்டியில். யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ கண்டியில் வேலைக்கோ மோட்டார் சைக்கிளில் வருகிறவர், தம்புள்ளை வரையில் அநேகமாக நேராகவே ஓட்டி வருகிறார். நேராக ஓடும் டயர் நடுவில் மட்டும் தேயும். வட்டமாக இருக்க வேண்டிய அதன் முதுகு தட்டையாகி, இரு பக்கமும் விளிம்பு கட்டிவிடும். பக்கத்துப் பூக்கள் புதிது போல இருப்பதால் 'டயர் நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும். மாத்தளையைக் கடந்து பலகடுவ வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். முதலில் சாய மறுக்கும், பிறகு அந்த விளிம்பைத் தாண்டியதும் திடீரென்று விழுவதுபோல் சாயும். புதியவர் பயந்து முன் பிறேக்கைப் பிடிப்பார். பலகடுவயில் மழை பெய்திருந்தால் கதை அங்கேயே முடியலாம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. வண்டியின் பின்னால் இருந்துகொண்டு டயரின் வளைவைப் பாருங்கள். முட்டையின் கூர்ப்பக்கம்போல் இருந்தால் நல்லது, பாண் துண்டுபோல் இருந்தால் மாற்றும் காலம்.

அடுத்தது வயது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 1619 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் பதினாறாவது வாரம், அதாவது உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்த அதே வாரத்தில் வார்க்கப்பட்ட டயர். ஐந்து ஆண்டுகள் கடந்தால் ஆண்டுக்கொரு முறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து ஆண்டுகள் கடந்தால் பூ எவ்வளவு இருந்தாலும் ஓடக்கூடாது என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. இறப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் இறங்காமல் பிளாஸ்டிக் போலிருந்தால், பூக்களின் அடியிலோ பக்கவாட்டிலோ மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால், அது வீதியைப் பிடிக்கும் குணத்தை இழந்துவிட்டது. இறக்குமதி நின்ற காலத்தில் கடைகளில் தேங்கிக் கிடந்த பழைய சரக்கு 'புத்தம் புதுசு' என்று கைமாறியிருக்கலாம். புது டயர் வாங்கும்போதும் அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

முன் டயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின் டயர் சீக்கிரம் தேய்வதால் அதை மட்டும் மாற்றுவதுதான் வழக்கம். முன் டயர் மெதுவாகத் தேயும். ஆகவே பல வண்டிகளில் அது வண்டியோடு வந்த அதே டயர்தான், வண்டியின் வயதுதான் அதன் வயதும். வளைவில் பின் டயர் கொஞ்சம் வழுக்கினால் சமாளிக்கச் சில நேரம் வாய்ப்பிருக்கும். முன் டயர் வழுக்கினால் நினைத்துப் பார்க்கவே நேரமிருக்காது. கையில் ஒரு டயருக்கு மட்டும்தான் காசு இருக்கிறது, முன் டயருக்கு வயதாகிவிட்டது, பின் டயர் இன்னும் தாங்கும் என்றால், முன்னதை மாற்றுவதே என் அபிப்பிராயம். எந்த கராஜிலும் எதிர்மாறாகத்தான் சொல்வார்கள்.

தேய்மானத்துக்கு டயரிலேயே அடையாளம் உண்டு. பக்கவாட்டில் சிறிய முக்கோணமோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் குறுக்காக ஒரு மேடு தெரியும். பூ அந்த மேட்டின் மட்டத்துக்கு இறங்கினால் டயர் முடிந்தது. மோட்டார் சைக்கிள் டயர்களில் அந்த மேடு ஒரு மில்லிமீற்றர் அளவுகூட இருக்காது. அதுவரை காத்திருப்பவர் கண்டி மழையில் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கிறார்.

காற்றழுத்தம் இலவசமாகச் சரிசெய்யக்கூடியது, ஆனால் அதிகம் பிழைப்பதும் அதில்தான். வண்டியின் சங்கிலி மூடியிலோ பின் கவையிலோ உற்பத்தியாளர் ஒட்டிய தாளில் உள்ள அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. பத்துப் பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். கண்டியிலிருந்து கட்டுக்குருந்தைக்கு ஓட்டிக்கொண்டே போய், இறங்கியவுடன் அளந்து, 'கூடிப்போச்சு' என்று காற்றைத் திறந்துவிடுகிறவர் உண்மையில் குறைந்த காற்றோடு திடலில் இறங்குகிறார். பெரிய பந்தய வண்டிகளுக்கு அழுத்தத்தைக் குறைக்கிறார்கள் என்று யூடியூபில் பார்த்துவிட்டு, 150 சிசி வண்டியில் அதைச் செய்வதும் வேண்டாத வேலை. வீட்டிலிருந்து புறப்படுமுன், காலையில், சொந்தமாக ஒரு சிறிய அளவுமானியால் பாருங்கள்.

புது டயர் மாற்றியவுடனே மலைக்கோ திடலுக்கோ போவதும் ஆபத்து. அதன் மேற்பரப்பு முதலில் வழுவழுப்பாக இருக்கும். நூறு கிலோமீற்றராவது பதமாக ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துத்தான் அது பழகும். டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறிய இடத்துக்குத் திரி செருகி ஓடுவது வீட்டுக்குப் போய்ச் சேர உதவும். திடலில் அப்படிப்பட்ட டயரைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, கண்டி மாவட்டத்தின் பல வீதிகளில் கூர்க்கற்களும் சேறும் கிடந்தன. அந்த வீதிகளில் ஓடிய டயர்களின் பக்கவாட்டில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது நல்லது. பக்கவாட்டு வெட்டுக்கு ஒட்டு இல்லை.

போரில் காலை இழந்து, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் எங்கள் வாசகர்களில் உண்டு. அவர்களுடைய வண்டி சாய்வதில்லை, ஆகவே டயரின் நடுப்பகுதி விரைவாகத் தேயும். பக்கச் சக்கரங்கள் பாரத்தை அதிகம் தாங்கினால் பின் சக்கரத்தின் பிடிமானமும் பிறேக்கும் குறையும். எல்லாச் சக்கரங்களுக்கும் தனித்தனியாகக் காற்றுப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்து ஸ்கூட்டரைக் கையளித்த உதவித் திட்டங்கள் எத்தனை?

இதெல்லாம் ஓட்டுநர் செய்ய வேண்டியவை. அரசாங்கத்தின் பங்கு என்ன? வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், காப்புறுதி வேண்டும். லொறிக்கும் பேருந்துக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனியார் மோட்டார் சைக்கிளுக்கு அது இல்லை. அதாவது ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் ஒரு பரிசோதனை நிலையத்துக்குள் போய் நிற்கிறது, அங்கே குழாயிலிருந்து வரும் புகையை அளக்கிறார்கள், அரை மீற்றர் தள்ளியிருக்கும் டயரைப் பார்க்காமல் அனுப்புகிறார்கள். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லவில் பேருந்து பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு வாகனத் தகுதி பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது. அது பெரும்பாலும் பேருந்துகளோடு நின்றது.

டயர் பரிசோதனையைக் கட்டாயமாக்கினால் ஏழைகள்தான் தண்டம் கட்டுவார்கள் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் மக்களுக்குச் சோதனை என்ற சொல்லே கசக்கும். சோதனைச்சாவடிகளில் கழிந்த ஆண்டுகள் அதிகம். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தண்டமில்லாமல், புகைப் பரிசோதனைச் சான்றிதழின் ஓரத்தில் டயரின் நிலையையும் அது வார்க்கப்பட்ட ஆண்டையும் எழுதிக் கொடுத்தால் போதும். மூன்று மொழியில் இல்லாவிட்டாலும், கண்டியிலும் ஹற்றனிலும் வவுனியாவிலும் அது தமிழில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் டயர் மீதான வரியைத் தனியாகப் பிரித்துக் குறைப்பதும் அதோடு சேர்ந்தே வர வேண்டும், இல்லையென்றால் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பதில் பயன் இல்லை.

கண்டியில் மூடிய திடலொன்று கேட்பது ஆடம்பரமாகத் தெரியலாம். அனுமதிப்பத்திரத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டிய பிள்ளைக்கு, ஈரமான வளைவில் பிறேக் பிடிப்பது எப்படி என்று இந்த நாட்டில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பல்லேகலயில் போட்டி இல்லாத நாட்களில் வெறுமையாய்க் கிடக்கும் கிரிக்கெட் மைதானத்தின் வாகனத் தரிப்பிடத்தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திறந்து, கூம்புகளை வைத்து, பயிற்றுநர் இருவரையும் டயர் பார்க்கும் ஒருவரையும் நிறுத்தினாலே ஒரு தொடக்கமாகும். மத்திய மாகாண சபை நிர்வாகமும் கண்டிப் போக்குவரத்துப் பொலிஸாரும் நினைத்தால் அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.