வசவு மேலிருந்து வருகிறது: தனியார் வங்கிகளின் இலக்குப் பண்பாடு

2023 ஜூன் மாதம் கொல்கத்தாவிலிருந்து ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. பெரிய தனியார் வங்கி ஒன்றின் மேலதிகாரி இணையவழிக் கூட்டத்தில் தமக்குக் கீழே பணிபுரிபவர்களைக் கத்தித் தீர்க்கிறார். எத்தனை கணக்குகள், எத்தனை காப்பீட்டுப் பத்திரங்கள் விற்றீர்கள் என்பதே கேள்வி. வங்கி அவரை இடைநீக்கம் செய்தது. இத்தகைய நடத்தையைச் சகிப்பதில்லை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே வேறு வங்கிகளிலிருந்தும் அதே வகைக் காணொளிகள் வெளிவந்தன. ஒவ்வொரு முறையும் பிடிபட்டவர் ஒரு தனிமனிதராகவே தண்டிக்கப்பட்டார். அவர் கேட்ட எண்ணிக்கையை அவரிடம் யார் கேட்டார் என்ற வினா எழவே இல்லை.

அந்த எண் பிறக்கும் இடம் கிளை அல்ல. காலாண்டு முடிவுகளை அறிவிக்கும்போது முதலீட்டாளர்களுக்குத் தலைமை சொல்லும் வளர்ச்சி விகிதத்தில் அது பிறக்கிறது. பிறகு மண்டலம், வட்டாரம், கிளைத்தொகுதி, கிளை என்று படிப்படியாக இறங்குகிறது. இறங்கும் வழியில், எதற்கும் இருக்கட்டும் என்று சற்றுக் கூட்டப்படுவதும் வழக்கம். கடைசியில் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்ற பெரிய பெயரும் சிறிய ஊதியமும் பெற்ற, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒருவரின் மேசையில் வந்து நிற்கிறது. காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு தொலைபேசி விசாரணை, இடையில் வாட்ஸ்அப் குழுவில் மணிக்கணக்கில் கேட்கப்படும் எண்ணிக்கை. மார்ச் நெருங்கும்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலைநாளாகிறது. வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்த ஓய்வூதியர் யூலிப் பத்திரத்தோடு வீடு திரும்புவது இந்தப் பாதையின் இயல்பான முடிவு. 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே, வங்கிகள் காப்பீட்டைத் தவறாக விற்பதைப் பொதுமேடையில் கண்டிக்க நேர்ந்தது. ஆனால் முறையற்ற விற்பனை வாடிக்கையாளர் பாதுகாப்புத் துறையின் சிக்கலாகவும், ஊழியர்மீதான வசவு மனிதவளத் துறையின் சிக்கலாகவும் தனித்தனியே பேசப்படுகின்றன. இரண்டும் ஒரே எண்ணின் இரு விளைவுகள்.

இதற்கு நிதி நிறுவனத் தலைமைகள் தரும் விடை பழகியதே: சந்தைப் போட்டி கடுமையானது, இளைய தலைமுறைக்கு அழுத்தம் தாங்கும் வலு இல்லை. இரண்டாவது வாதத்தைச் சோதிக்க ஒரு புள்ளிவிவரம் உண்டு. தனியார் வங்கிகளிலும் சிறுநிதி வங்கிகளிலும் ஆண்டுக்குச் சுமார் 25 விழுக்காட்டினர் வேலையைவிட்டு விலகுகின்றனர் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆண்டறிக்கை கூறியது. இதைக் குறைப்பது மனிதவளத் துறைக்கு மட்டும் உரிய வேலையன்று, நிறுவனத்தின் உத்தி சார்ந்த கட்டாயம் என்றும் அது எச்சரித்தது. நால்வரில் ஒருவர் ஆண்டுதோறும் விலகும் இடத்தில் குறை அந்த நால்வரின் மனவலுவில் இருப்பதாகச் சொல்வது, கூரை ஒழுகும் வீட்டில் நனைபவரின் உடல்நலத்தைக் குறைகூறுவது போன்றது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய 'வெளியேற்றம், குரல், விசுவாசம்' என்னும் நூலை இங்கே நினைவுகூரலாம். நிறுவனம் சீரழியும்போது அதன் உறுப்பினர் வெளியேறலாம், அல்லது குரல் எழுப்பலாம். வெளியேறுவது எளிதாக இருக்கும் இடத்தில் குரல் நலிகிறது என்பது அவரது வாதங்களில் ஒன்று. இந்தியத் தனியார் வங்கித் துறை அதற்குச் சற்று விபரீதமான சான்று. இங்கே வெளியேறுபவர் பெரும்பாலும் அதே இலக்கும் அதே மாலைநேர விசாரணையும் உள்ள இன்னொரு வங்கிக்கே போகிறார். மாறுவது கழுத்தட்டையின் நிறம்தான். ஆகவே வெளியேற்றம் தலைமைக்கு எந்தச் செய்தியையும் கொண்டுசெல்வதில்லை. பேசக்கூடியவர்களை மட்டும் அகற்றிக்கொடுக்கிறது.

கெட்ட செய்தியைச் சொல்பவரைத் தண்டிக்கும் தலைமைக்கு நல்ல செய்தி மட்டுமே வந்துசேரும், அது பொய்யாக இருந்தாலும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இதன் முழுமையான எடுத்துக்காட்டு. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் விற்கவேண்டும் என்பது அதன் இலக்கு. எட்டு ஏன் என்றால், அந்த ஆங்கிலச் சொல் 'சிறப்பு' என்ற பொருளுடைய சொல்லோடு இயைந்து ஒலித்தது. தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்டம்ப் ஆண்டறிக்கையில் தந்த விளக்கமே அதுதான். ஊழியர்கள் வாடிக்கையாளர் அறியாமலே கணக்குகளைத் தொடங்கி அந்த ஓசைநயத்தை நிறைவேற்றினர். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, வங்கி ஏற்கெனவே ஐந்தாண்டுகளில் சுமார் 5,300 பேரைப் பணிநீக்கம் செய்திருந்தது. நாணயமற்ற சிலரின் செயல் என்பதே தொடக்கத்தில் அதன் நிலைப்பாடு. 5,300 பேர் சிலர் ஆனது எப்படி என்று அமெரிக்க செனட் கேட்டபோதுதான் தலைமை தடுமாறியது. ஸ்டம்ப் அக்டோபரில் பதவி விலகினார். 2020இல் வங்கித் தொழிலிலிருந்தே வாழ்நாள் தடை பெற்றார். வங்கியின் சொத்து வளர்ச்சிக்கு 2018இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு 2025 ஜூனில்தான் நீங்கியது.

இந்தியாவில் அவ்வாறு மேல்நோக்கிச் செல்லும் பாதை குறுகியது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் மேலாண்மைப் பணியில் இருப்பவரைத் 'தொழிலாளி' என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியது. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. விற்பனை ஊழியருக்கு 'மேனேஜர்' என்று பெயர் சூட்டுவது வெறும் மரியாதை அல்ல என்பது இங்கே புலப்படும். பதவிப் பெயரைவிடச் செய்யும் வேலையே முக்கியம் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியுள்ளன என்பது உண்மை. ஆனால் அதை நிறுவ ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டும். பொதுத்துறை வங்கிகளிலும் இலக்குகள் உண்டு, தவறான விற்பனையும் உண்டு. அவற்றைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. எனினும் அங்கே மாற்றல் உத்தரவை எதிர்த்து எழுதித்தர ஒரு சங்கமாவது இருக்கிறது. புதிய தலைமுறைத் தனியார் வங்கிகளில் அதுவும் அரிது.

ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் வகுத்த ஊதிய நெறிமுறைகள், தனியார் வங்கித் தலைவர்களின் ஊதியத்தில் குறைந்தது பாதி செயல்திறன் சார்ந்து மாறுவதாக இருக்கவேண்டும் என்றன. பிறகு இழப்போ முறைகேடோ தெரியவந்தால் அதைத் திரும்பப் பெறவும் வழிசெய்தன. ஒரு கிளைத்தொகுதியின் ஊழியர்கள் மூன்றாண்டில் முற்றிலும் மாறிப்போவதும் இழப்புதான் என்று அந்த விதியை விரித்துப் படிக்கத் தடை இல்லை. தரவும் ஓரளவு இருக்கிறது. செபியின் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை விதிகளின்படி, முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் நிரந்தர ஊழியர்களின் விலகல் விகிதத்தை மூன்றாண்டுகளுக்கு வெளியிடுகின்றன. ஆனால் அது முழு நிறுவனத்துக்குமான விகிதம். ஆண், பெண் என்ற பிரிவைத் தாண்டிச் செல்வதில்லை. தலைமையகத்தில் பதினைந்து ஆண்டுகளாக அமர்ந்திருப்பவரும், கிளையில் பதினைந்து வாரங்களில் விலகியவரும் ஒரே சராசரியில் கரைந்துவிடுகின்றனர். பணிநிலை வாரியாக அந்த எண்ணைப் பிரித்து வெளியிடச் சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும்.